உரச்சாக்குத் தேனிலவு

கொரோனாவால் எங்கள் கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்குத்தான் அனுமதி. மாப்பிள்ளை வீட்டார் மணிமுத்தாறுக்கு மேலே இருக்கிற தேயிலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வரவேண்டும். பஸ் ஓடவில்லை. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏற முடியுமோ அத்தனை பேர்தான் வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் வேலை. நான் அதே பேட்டையில் ஒரு சின்னத் தனியார் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு டீச்சர். இரண்டு தெரு தள்ளித்தான் இருந்திருக்கிறோம். ஆனால் பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான் முதலில் சந்தித்தோம். அன்றைக்கும் இருவர் முகத்திலும் மாஸ்க். காபி குடிக்க அவர் அதைத் தாடைக்கு இறக்கினார், ஒரு வாய் குடித்தார், ஏற்றிக்கொண்டார். மறுபடி இறக்கினார், ஏற்றினார். அந்த இடைவெளிகளில் நான் மூக்கு, மீசை, உதடு என்று துண்டு துண்டாகப் பார்த்து, மனதுக்குள் ஒட்ட வைத்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்க்குக்குள் சிரித்ததால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். தோள் குலுங்கியதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அம்மா வீட்டு மாடியிலேயே குடியிருந்தோம். அவர் என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொல்லக் கூச்சம். நான் "ஏங்க" என்பேன். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஒருவரிடம் ஒருவர் மிகவும் மரியாதையாக இருந்தோம். சட்னி போதுமா என்று கேட்டுக்கொள்வோம்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பனியில் சறுக்கவேண்டும். அவர் போன் முழுக்க அந்த வீடியோக்கள்தான். வெள்ளை மலையில் யார் யாரோ பலகை கட்டிக்கொண்டும், டயர் டியூபில் உட்கார்ந்தும் கத்திக்கொண்டே வழுக்கி இறங்குவார்கள். குலு மணாலிக்கு டிக்கெட் போட்டிருந்தார். என் அம்மா அதே சமயத்தில் டிவியில் பனிச்சரிவு பற்றிப் பார்த்துவிட்டாள். மலையே பெயர்ந்து வந்து ஆட்களை மூடிவிடுகிறதாம். "பனிக்குள்ள பொதைஞ்சு கெடக்கவா ஒன்னயக் கட்டிக்குடுத்தேன்? இங்கனயே இருங்க, ஃபிரிட்ஜத் தொறந்து வச்சு அதுக்கு முன்னால உக்காருங்க" என்றாள். அவள் வேண்டுதலோ என்னவோ, ரயிலையே ரத்து செய்துவிட்டார்கள். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். மருமகன் முகம் தொங்கியது.

இரண்டு நாள் கழித்து, ஒரு காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டே மாடிப்படியில் வந்து நின்றார்.

"டீச்சர், எங்க ஊர்லயும் பனி உண்டு. சறுக்கதுக்கும் எடம் உண்டு. பொங்கல் லீவுக்குப் போவமா?"

எஸ்டேட் என்றால் அவருடைய அம்மா அப்பா இருக்கிற இடம். அம்மா இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. அங்கே என்ன பனிச்சரிவா வரப்போகிறது?

மார்கழிக் கடைசியில் பைக்கில் கிளம்பினோம். அந்த வருஷம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் இரண்டு பேரும் நனைந்த கோழி மாதிரி ஆகிவிட்டோம். மணிமுத்தாறு அணைக்குப் பக்கத்தில் வனத்துறை செக்போஸ்ட். அருவிக்கு யாரையும் விடுவதில்லை. மேலே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் வழி. கம்பிக்கு அந்தப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு ஒரு காவலர் நின்றார்.

"யாருவே? எங்க போறீரு?"

"அண்ணாச்சி, நான் மேல எஸ்டேட்காரன். பொங்கலுக்கு வீட்டுக்குப் போறேன். இது என் வீட்டம்மா."

அவர் எங்கள் ஆதார் அட்டைகளை வாங்கிப் பார்த்தார். "ஒமக்கு மேல விலாசம் இருக்கு, சரி. இவியளுக்குப் பேட்டைன்னுல்லா போட்டிருக்கு. வெளியாள விடக்கூடாதுன்னு ஆர்டரு."

"கல்யாணம் ஆயி ரெண்டு மாசந்தான் ஆகுது அண்ணாச்சி. இன்னும் மாத்தல."

"கல்யாண போட்டோ இருக்கா?"

இருந்தது. அவர் போனில் எடுத்துக் காட்டினார். அதில் எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தோம். எனக்குப் பட்டுப்புடவைக்குப் பொருத்தமாகச் சரிகை வைத்துத் தைத்த மாஸ்க். காவலர் போட்டோவைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார்.

"இதுல பொண்ணு யாரு?"

"மாலை போட்டிருக்கது."

"ரெண்டு பேருல்லா மாலை போட்டிருக்காவ." பிறகு என்னைப் பார்த்து, "மாஸ்க்க எறக்கும்மா" என்றார். இறக்கினேன். என்னைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். "எறக்கியும் பிரயோசனம் இல்லயே. போட்டோல மூடியில்லா இருக்கு."

அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. பைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் கணவர் "டீச்சர், டீச்சர்" என்று கெஞ்சினார். காவலர் அலட்டிக்கொள்ளாமல் எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டு என் மாமனாரைக் கூப்பிட்டார். "ஒம்ம மருமக எப்படி இருப்பாவ, ஏதாவது அடையாளம் சொல்லும்" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தார்.

"எப்பப் பாத்தாலும் சிரிச்சிக்கிட்டே இருக்குமாம்" என்றார். கம்பியைத் தூக்கிவிட்டார்.

மேலே போகப் போகக் குளிர் ஏறியது. கொண்டை ஊசி வளைவுகளில் மேகம் ரோட்டின் மேலேயே கிடந்தது. அவர் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு பைய ஓட்டினார். நான் பற்கள் அடித்துக்கொள்ள அவர் முதுகில் ஒட்டிக்கொண்டேன். கல்யாணமாகி இரண்டு மாதத்தில் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். குளிருக்கு நன்றி.

அவர்கள் வீடு ஒரு லைன் வீடு. ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாக எட்டுப் பத்துக் குடும்பங்கள். அத்தை கொழுந்து பறிக்கிறவள். மாமா காட்டு வேலைக்கு சூப்பர்வைசர். என் நாத்தனார் பி.காம். முடித்துவிட்டு, வேலை தேடப் போகவும் பஸ் இல்லாமல் அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து, "மைனி, நீங்க வரலன்னா நான் இந்தக் கயித்துக்குள்ளயே செத்திருப்பேன்" என்று கட்டிக்கொண்டாள்.

கயிறு என்றால் என்ன என்று அரைமணி நேரத்தில் புரிந்துவிட்டது. கடைக்கு முன்னால் கயிறு. மருந்தகத்துக்கு முன்னால் கயிறு. கோயிலைச் சுற்றிக் கயிறு. தண்ணீர்க் குழாய்க்குக்கூடக் கயிறு. கொரோனா வந்த நாள்முதல், கூட்டம் கூடாமல் பார்க்கிற பொறுப்பை எஸ்டேட்டில் மாமாவிடம் கொடுத்திருந்தார்கள். மனிதர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். பழைய சிவப்புச் சேலைகளைக் கிழித்து முழத்துக்கு ஒரு துணி முடிந்து, பார்த்த இடத்தில் எல்லாம் கட்டிவிட்டார். பிள்ளைகள் அவருக்குக் 'கயித்துத் தாத்தா' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒன்பது பத்து மாதமாக எல்லாரும் அந்தக் கயிறுகளைக் குனிந்து தாண்டியே பழகிவிட்டார்கள். அவர் இருந்தால் சுற்றிப் போவார்கள், இல்லாவிட்டால் குனிந்து நுழைவார்கள். நானும் மறுநாளே கற்றுக்கொண்டேன்.

பொங்கலுக்கு முன் நாலைந்து நாள் மழை கொட்டியது. கொழுந்துக் காட்டுக்கு யாரும் போகவில்லை. தினமும் சவ்சவ். மாமா வீட்டுக்குப் பின்னால் பந்தல் போட்டுச் சவ்சவ் கொடி ஏற்றியிருந்தார். அது காய்த்துக் குலுங்கியது. காலையில் சவ்சவ் சட்னி, மதியம் சவ்சவ் கூட்டு, ராத்திரி சவ்சவ் சாம்பார். பந்தலைப் பற்றிப் பேசும்போது மாமாவுக்கு முகமே மலர்ந்துவிடும். அதனால் யாரும் வாய் திறக்கவில்லை.

மழை கொஞ்சம் வெறித்த மதியம் ஒன்றில் என் கணவர் இரண்டு யூரியா சாக்குகளோடு வந்து நின்றார்.

"டீச்சர், வா, பனியில சறுக்குவோம்."

வீடுகளுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னப் புல்சரிவு. அடியில் ஒரு சாக்கடை வாய்க்கால். பிளாஸ்டிக் உரச்சாக்கில் காய்ந்த புல்லைத் திணித்து, வாயைக் கட்டி, அதன் மேல் உட்கார்ந்து மேலேயிருந்து வழுக்கவேண்டும். ஈரப் புல்லில் சாக்கு எண்ணெய் மாதிரி ஓடும். அங்கே ஏற்கெனவே ஆளும் பேருமாக ஒரு திருவிழா நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் மட்டும் என்று நினைத்தால் தப்பு. கொழுந்து பறிக்கிற பெண்கள், ஃபாக்டரி ஆட்கள், பேறுகாலத்துக்கு வந்து, குழந்தை பிறந்தும் திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்ட ஒரு அக்கா, எல்லாரும் சாக்கோடு வரிசையில் நின்றார்கள்.

நான் சுடிதாரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நாத்தனார் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினாள். வயிறு மேலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் கீழே போனேன். மேகம் வாய்க்குள் போனது. கத்தினேனா சிரித்தேனா தெரியாது. வாய்க்காலுக்கு ஒரு முழம் முன்னால் சாக்கு திரும்பிக்கொண்டது, நான் முதுகுப்பக்கமாகத் தண்ணீரில் உட்கார்ந்தேன். எழுந்ததும் வேறு யாரையும் பார்க்காமல் சாக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓடாதே ஓடாதே என்று கத்துகிற டீச்சர் நான்.

சறுக்குவதில் அத்தையை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் நடுவில் ஒருமுறை வந்தாள், கொசுவத்தை இறுக்கிச் செருகினாள், யாரோ ஒருத்தியின் சாக்கை வாங்கினாள். ஒரு சத்தமில்லாமல் நேர்கோட்டில் இறங்கி, வாய்க்காலையும் தாண்டிப் போய் நின்றாள். எழுந்து சேலையைத் தட்டினாள். "அடுப்புல சோறு கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எல்லாரும் கைதட்டினோம்.

பொங்கலுக்கு முதல் நாள் மாமா புதிதாக ஒரு கயிறு கட்டினார். லைன் வீடுகளுக்குப் பின்னால் இன்னொரு சரிவு உண்டு. பெரியது, செங்குத்தானது. முன்பு தேயிலை இருந்த இடம், இப்போது வெறும் புல், நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில்வர் ஓக் மரங்கள். அதன் உச்சியில் மண் வெடித்திருப்பதை மாமா பார்த்திருக்கிறார். சரிவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மரத்துக்கு மரம் கயிறு இழுத்து, சிவப்புத் துணிகளை முடிந்தார். சாயங்காலம் ஒவ்வொரு வாசலாக நின்று, "பின்னால உள்ள சரிவுல யாரும் ஏறாதீங்க. மண்ணு வாய் பொளந்து நிக்கி" என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்க் போட்டுக்கொண்டு சொன்னார். வழக்கம்போல 'கூட்டம் கூடாதீங்க' என்று சொல்லுகிறார் என்றே பாதிப்பேர் நினைத்தார்கள். எங்களுக்குச் சரியாகவே கேட்டது. ஆனாலும் அது அவருடைய இன்னொரு கயிறு, அவ்வளவுதான்.

பொங்கல் மழையிலேயே பொங்கியது. அதற்கு அடுத்த நாள் கரிநாள். கீழே ஊரில் என்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவோம். அந்த வருஷம் தாமிரபரணியில் வெள்ளம், ஆற்றங்கரைக்குத் தடை. மேலேயோ, மதியம் திடீரென்று மழை விட்டு வெயில் அடித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த வெயில். தேயிலை மொத்தமும் மின்னியது. எல்லாரும் சின்னச் சரிவுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் நாலைந்து நாள் சறுக்கிச் சறுக்கி அங்கே புல்லே இல்லை, ஒரே சேறு. சாக்கு பாதியிலேயே ஒட்டிக்கொண்டது.

என் கணவர் என் காதுக்குப் பக்கத்தில் வந்தார். "பின்னால உள்ளது பச்சப் பசேல்னு கெடக்கு டீச்சர். யாரும் தொடல. ஒரே ஒரு தடவ."

"மாமா கயிறு கட்டிருக்காங்களே."

"அப்பா குளிக்கதுக்குக்கூடக் கயிறு கட்டுவாரு."

நாத்தனார், "நான் கீழ நின்னு அப்பா வாராரான்னு பாக்கேன். அண்ணே, அடுத்தது எனக்கு" என்றாள். மூன்று பேரும் நழுவினோம். கயிறு சரிவின் பாதி உயரத்தில் போயிற்று. நாத்தனார் அதன் ஓரத்து மரத்தடியில் நின்றுகொண்டாள். நாங்கள் இருவரும் குனிந்து நுழைந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. அதைவிட, பட்டப்பகலில் அவர் என் கையைப் பிடித்திருக்கிறார் என்பதில் தலை சுற்றியது. உச்சியில் ஒரு பாறை. அதற்கு முன்னால் புல். வெடிப்பு இருக்கிறதா என்று அவர் எட்டிப் பார்த்தார். புல் மூடியிருந்தது. கீழே லைன் வீடுகளின் ஓடு, மாமாவின் சவ்சவ் பந்தல், அதையும் தாண்டி மேகத்துக்கு நடுவே துண்டாக அணைத் தண்ணீர். ஒரே சாக்கில் நான் முன்னால், அவர் பின்னால். அவர் கால்கள் இரண்டு பக்கமும் மண்ணில் ஊன்றியிருந்தன.

"கண்ண மூடிக்காத. ஒண்ணு... ரெண்டு..."

அப்போதுதான் கயிற்றைப் பார்த்தேன். காற்றே இல்லை. ஆனால் சிவப்புத் துணிகள் எல்லாம் குதித்துக்கொண்டிருந்தன. தொங்கிக்கொண்டிருந்த கயிறு தானாக இழுபட்டு விறைத்தது. சரிவின் நடுவில் நின்ற சில்வர் ஓக் மரம், சாயவும் இல்லை, ஆடவும் இல்லை. நின்றபடியே கீழே நடக்க ஆரம்பித்தது. கீழேயிருந்து நாத்தனார் குரல் வந்தது. "அண்ணே! கயிறு இழுக்கி! அண்ணே!"

"ஏட்டி!" என்றார் அவர். அதுதான் அவர் என்னை முதல்முதலாக அப்படிக் கூப்பிட்டது. அடுத்த நொடி என் தலைமுடி வேரோடு பிய்ந்துவிட்டது என்று நினைத்தேன். பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்து என்னை அப்படியே பின்னால் இழுத்து, இரண்டு பேருமாகப் பாறைமேல் விழுந்தோம். பாறைக்கு முன்னால் இருந்த புல்தரை எங்களைவிட்டு விலகியது. ஒரு கதவு பைய திறக்கிற மாதிரித்தான் இருந்தது. பிறகு மொத்தமும் போனது. ஜல்லி ஏற்றிய லாரி கொட்டுவது போல ஒரு சத்தம், கொட்டி முடியாமல் கொட்டிக்கொண்டே இருந்தது. பாறை அடியில் அதிர்ந்தது. மரங்கள் ஒன்றோடு ஒன்று மோதி முறிந்தன. அத்தனைக்கும் மேலே, சேற்றின் முதுகில், எங்கள் யூரியா சாக்கு மட்டும் ஆள் இல்லாமல் ஜம்மென்று சறுக்கிக்கொண்டு போனது. அதன் மேல் நாங்களும் போயிருப்போம் என்ற நினைப்பு எனக்கு அப்போது வரவில்லை. நல்லாப் போகுதே என்றுதான் தோன்றியது.

சத்தம் நின்றது. பச்சையாக இருந்த இடம் முழுக்கச் செம்மண். நாத்தனார் நின்ற மரத்தைக் காணவில்லை.

அவர் எழுந்து தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மறுபடி கத்தினார். நான் பாறையின் விளிம்புக்குத் தவழ்ந்துபோய்க் கீழே தேடினேன். மூன்றாவது தடவை கத்தியபோது, தூரத்தில், செம்மண்ணுக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எழும்பியது. நாத்தனார்தான். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

"செருப்பு போச்சுண்ணே! புதுச் செருப்பு!"

அவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாயில் சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்தப் பக்கத்தில் அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. நிறுத்த நினைத்தாலும் முடியவில்லை. உயிரோடு இருப்பது என்பது அவ்வளவு வேடிக்கையாக இருந்தது.

நாங்கள் சுற்றிக்கொண்டு தேயிலைக்குள் புகுந்து, காலெல்லாம் அட்டை கடிக்க இறங்கி வருவதற்குள் கீழே ஊரே கூடிவிட்டது. வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மண் ஒருபக்கமாக ஒதுங்கித் துணி துவைக்கிற தொட்டியையும், ஆளில்லாத பழைய மாட்டுக் கொட்டகையையும், மாமாவின் சவ்சவ் பந்தலையும் கொண்டுபோயிருந்தது. எல்லாரும் சின்னச் சரிவில் இருந்ததால் தொட்டிப் பக்கம் ஒருத்தரும் இல்லை.

மாமா குடையைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். முதலில் மகள் தலையைத் தொட்டார், பிறகு மகன் தலையை, பிறகு என் தலையை. மறுபடியும் மகளிலிருந்து ஆரம்பித்தார். அப்புறம் பையிலிருந்து மாஸ்க்கை எடுத்து ஒழுங்காக மாட்டிக்கொண்டு திட்ட ஆரம்பித்தார். கையை ஆட்டினார், குடையை ஆட்டினார், கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு வார்த்தை விளங்கவில்லை.

அத்தைதான் சொன்னாள். "அந்தச் சவத்தக் கழட்டிட்டு ஏசுங்க. ஒண்ணும் வெளங்கல."

அவர் கழற்றினார். வாய் திறந்தது. உதடு துடித்ததே தவிரச் சத்தம் வரவில்லை. குடையைக் கீழே வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மாமா, தலை வலிக்குது மாமா. ஒங்க மகன் முடியைப் பிடிச்சு இழுத்துட்டாங்க" என்றேன்.

அவர் முகத்திலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். எழுந்து, கிடந்த ஓர் ஈரச் சாக்கை எடுத்து, "கிறுக்குப் பயலே, புள்ள முடியவா புடிச்சு இழுத்த?" என்று துரத்த ஆரம்பித்தார். மீசை வைத்த, கல்யாணமான, லேத் ஓட்டுகிற அந்த மனிதர், "எப்பா, எப்பா, இழுத்ததாலதான்..." என்று கத்திக்கொண்டே வீடுகளைச் சுற்றி ஓடினார். சாக்கு அவர் முதுகில் சொத்து சொத்தென்று விழுந்தது. இரண்டாவது சுற்றில் ஊரே சிரித்தது. மூன்றாவது சுற்றில் மாமாவும்.

அத்தை அன்றைக்கு என் தலையை மடியில் வைத்து, சூடாக எண்ணெய் தேய்த்துவிட்டாள். "நல்ல நீளமான முடி ஒனக்கு. இதயே நம்பியில்லா உசுரு நின்னுருக்கு" என்றாள். சாப்பாட்டுக்கு அப்பளமும் ரசமும். சவ்சவ் இல்லாத சோற்றை நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டோம். நிமிர்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடுவோம் என்று பயம்.

கீழே போகிற ரோடு நாலைந்து இடத்தில் மண் மூடிக் கிடந்தது. நாங்கள் மாட்டிக்கொண்டோம். என் கணவர் தினமும் மண்வெட்டியோடு ரோடு வேலைக்குப் போனார். மாமா அவரோடு பேசவில்லை, ஆனால் பக்கத்திலேயே நின்று வெட்டினார். சாயங்காலம் இருவரும் சேறு அப்பிக்கொண்டு வருவார்கள். யார் அப்பா, யார் மகன் என்று தெரியாது. பிறகு நானும் அவரும் வாசலில் உட்கார்ந்து காலில் அட்டை கடித்த இடங்களைச் சொறிந்துகொண்டே பேசுவோம். சட்னி போதுமா என்கிற பேச்சு இல்லை. அவர் சின்னப் பிள்ளையில் எப்படி, நான் எப்படி, ஏன் எனக்கு இப்படிச் சிரிப்பு வருகிறது, அவருக்கு ஏன் பெயர் சொல்லக் கூச்சம், எல்லாம். 'ஏட்டி' இப்போது பழகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் 'டீச்சர்'.

போனுக்கு டவர் கிடைக்க மேட்டில் ஒரு பாறைமேல் ஏறவேண்டும். பொங்கல் லீவு முடிந்ததும் ஆன்லைன் வகுப்பை அங்கிருந்தே எடுத்தேன். மழைக்கோட்டு, தலையில் மஃப்ளர், மடியில் கணக்குப் புத்தகம். வகுத்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை, "மிஸ், உங்களுக்குப் பின்னாடி மேகம் போகுது மிஸ்" என்றது. திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமா, மேகந்தான். மீதி எவ்வளவு சொல்லு" என்றேன்.

அதே பாறையிலிருந்துதான் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு ஏற்கெனவே செய்தி போயிருந்தது.

"ஏட்டி, மலை இடிஞ்சுட்டாமே! நீ எங்கன இருந்த?"

"வீட்டுலதான்மா இருந்தேன்" என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் ஆளில்லாமல் போன சாக்கு கண்முன் வந்துவிட்டது. முதலில் மூக்கில் ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அடக்க முடியவில்லை.

"சிரிக்கியா? மலை இடிஞ்சிருக்கு, சிரிக்கியா? கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? மாப்ளகிட்டக் குடு போன!"

அவரிடம் கொடுத்தேன். அவர், "அத்தே..." என்று மிகவும் பவ்வியமாக ஆரம்பித்தார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை. அம்மா போனை வைத்துவிட்டாள்.

இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று ரோடு திறக்க. இறங்கி வந்தால், அம்மா வாசலில் மஞ்சள் தண்ணீரும் சானிடைசருமாக நின்றாள். எங்களை நேராக மாடிக்கு அனுப்பினாள். வெளியூர் போய் வந்தவர்கள் தனியாக இருக்கவேண்டும் என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டிருந்தாள். சாப்பாட்டை மாடிப்படியில் வைத்துவிட்டுக் கையைத் தட்டுவாள். பேச்சு கிடையாது. கோபத்திலும் மீன் குழம்பு மட்டும் அருமையாக வந்தது. உவரிக் கடற்கரையிலிருந்து வருகிற மீன்காரம்மா அந்த வாரந்தான் மறுபடி எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்திருந்தாள்.

நாங்கள் மாடியில் இருந்து சும்மா சும்மா சிரித்துக்கொண்டிருந்தோம். ஒருவர் தும்மினால் சிரிப்பு, தட்டு விழுந்தால் சிரிப்பு. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தாள் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடிப்படியில் காலடிச் சத்தம். இரட்டை மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து, ஸ்டூலை இழுத்து வாசலுக்கு வெளியிலேயே போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லுங்க மாப்ள. மொதல்ல இருந்து சொல்லுங்க. ஒண்ணயும் விடக்கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரோட்டில் மேகம் கிடந்ததிலிருந்து ஆரம்பித்தார். மரம் நடந்த இடத்தில் அம்மா நெஞ்சில் கை வைத்தாள். என் பின்னலைப் பிடித்த இடத்தில் என்னைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள், எழுந்து உள்ளே வந்து அவர் தலையில் கை வைத்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தாள். சம்பந்தி சாக்கோடு துரத்திய இடத்தில் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. அப்படியே குனிந்து, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மாஸ்க்குக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, குக்கர் விசிலுக்கு முன்னால் வருமே, அந்த மாதிரி.

"இருங்க, இருங்க" என்று கையைக் காட்டினாள். "கொஞ்சம் நிறுத்துங்க மாப்ள. மூச்சு முட்டுது."